வந்ததும் தரிசனம்: ஸ்பானியத்தை ஆங்கிலமாக்கும் வேலைக்கு ஊட்டியிலிருந்து தயாராவோருக்கு

முதல் இன்டர்வியூவிலேயே ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்பெயினில் இருக்கும் அவன் நண்பன் உடனே சொல்வான்: ‘யெகார் இ பெசார் எல் சாந்தோ’. வந்தான், புனிதரை முத்தமிட்டான் என்று பொருள். யாத்திரைத் தலங்களில் புனிதரின் திருவுருவத்தை முத்தமிட வரிசையில் நிற்க வேண்டும். நிற்காமலே காரியம் முடிந்துவிட்டால் அது அதிசயம்தானே. பழனியிலோ திருப்பதியிலோ கால்கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வந்ததும் தரிசனம்! ஆனால் உங்களிடம் கேட்கப்படுவது ஆங்கிலம். சிகாகோவில் உட்கார்ந்து படிப்பவரிடம் புனிதரை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினால், ஏதோ மதச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ‘வாக்டு ஸ்ட்ரெய்ட் இன்டு த ஜாப்’ என்று எழுதினால் போதும். புனிதர் மறைந்துவிட்டார், விஷயம் தங்கிவிட்டது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். நாளிதழ்ப் பேட்டிகளில் இந்தத் தொடர் பெரும்பாலும் எதிர்மறையாகத்தான் வரும். ஒரு நடிகை, ஒரு சமையல் கலைஞர், ஒரு தொழிலதிபர், யாரானாலும் ‘எனக்கு எல்லாம் வந்ததும் புனிதரை முத்தமிட்டதாக நடந்துவிடவில்லை’ என்பார்கள். அப்போது ‘வாக்டு ஸ்ட்ரெய்ட் இன்’ ஒத்துவராது. ‘இட் டிடின்ட் ஹேப்பன் ஓவர்நைட்’ என்பதே சரி. ஒரே தொடர், உடன்பாட்டில் ஓர் ஆங்கிலம், எதிர்மறையில் வேறோர் ஆங்கிலம். அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுபவருக்கு இது தெரியவே போவதில்லை.

வியப்பையும் வெற்றியையும் சொல்லும் தொடர்களுக்கு இந்தக் குணம் மிக அதிகம். ஒருவர் ஜெயித்ததைச் சொல்லும்போது பேசுபவர் சும்மா செய்தி சொல்வதில்லை. பாராட்டுகிறார், பொருமுகிறார், நம்ப மறுக்கிறார், தன் பங்கையும் நைசாகச் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே முதலில் பேசுபவரின் மனநிலையைப் பிடியுங்கள். ஆணி, மணி, காளை, கப்பல் என்று வரும் உருவகங்களை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டியிடம் படகு மொழி, கடைவீதியில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம் அல்லது கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று நாள் முழுவதும் தாவிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். அந்தத் தாவலைத் தொழிலாக்க என்ன வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மார்க்கம் விட்டுச்சென்ற பாடம்

ஸ்பானியம் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்த மலைக்கு 1860 அக்டோபரிலேயே வந்துவிட்டார். கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற பெயரை நீலகிரியில் பலர் சின்கோனாவோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா தரும் அந்த மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்றவர் அவர். ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவரோடு சேர்ந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டத்துக்கு இடம் பார்த்தார். அவரே தெற்குப் பெருவில் திரட்டிய செடிகளில் பெரும்பாலானவை கடல் பயணத்தின் வெப்பத்தில் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடோரில் திரட்டிய சிவப்புப்பட்டை வகைதான் இங்கே நன்றாக வேர்பிடித்தது. நடுவட்டத்தில் கொய்னா தொழிற்சாலை வந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி.

இதே மார்க்கம் லண்டன் ஹக்லூயித் சங்கத்துக்காகப் பழைய ஸ்பானிய நூல்களை ஆங்கிலமாக்கியவர். பெருவைப் பற்றி சியெசா தே லெயோன் எழுதிய பயண நூலை 1864இல் கொண்டுவந்தார். இன்கா அரசர்களைப் பற்றிக் கார்சிலாசோ தே லா வேகா எழுதிய நூலின் முதற்பாகம் 1869இலும் 1871இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஸ்பானியத்தோடு கெச்சுவா மொழியும் பழகியவர். அந்த நாட்டு மண்ணை மிதித்தவர். இவ்வளவு தகுதி இருந்தும் அவருடைய மொழிபெயர்ப்புகளைப் பின்னால் வந்த அறிஞர்கள் குறைகூறினார்கள். அவசரத்தில் செய்தவை, கண்டிப்பு போதாதவை என்பதே அந்தக் குறை. சின்கோனா மரத்தின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் சின்சோன் சீமாட்டியின் கதையையும் அவர் முழுதாக நம்பினார். லீமாவில் காய்ச்சலில் கிடந்த அவள் இந்தப் பட்டையால் அதிசயமாகப் பிழைத்தாள் என்பது கதை. 1874இல் அவளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1941இல் ஹேகிஸ் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்து நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, அதற்குச் சான்றில்லை என்று காட்டினார்.

மார்க்கத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவர் அளவுக்கு உழைத்தவர்கள் குறைவு. ஆனால் வேலைக்குப் புறப்படுகிற இளைஞருக்கு அவர் வாழ்க்கை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: மொழியும் தெரிந்து ஊரும் தெரிந்த ஆளுக்குக்கூடத் திருத்திப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். இன்று மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஆள் மூலத்தையும் ஆக்கத்தையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளை நீங்களே இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியம் படிக்கும் வகுப்புத்தோழி போதும். அவள் உரையை நீங்கள் பாருங்கள், உங்கள் உரையை அவள் பார்க்கட்டும்.

பெரு நாட்டின் பெயரே ஸ்பானியத்தில் வியப்புக்கான சொல்லாகிவிட்டது. ‘வாலே உன் பெரூ’ என்றால் ஒரு பெரு பெறும் என்று பொருள். பொலிவியாவில் 1545இல் கண்டுபிடிக்கப்பட்ட வெள்ளிமலையின் பெயரால் ‘வாலே உன் பொத்தோசி’ என்றும் சொல்வார்கள். பொருளைப் பற்றிச் சொன்னால் ‘வொர்த் எ ஃபார்ச்சூன்’. ஒரு பெண்ணைப் பற்றியோ வேலையாளைப் பற்றியோ சொன்னால் பணக்கணக்கு அடிபட்டுப்போகும். ‘ஷீ இஸ் எ ஜெம்’ என்றுதான் எழுத வேண்டும். நம் ஊர் மரமும் ஸ்பானியத் தொடர்களில் இருக்கிறது. கசப்பைச் சகித்துக்கொண்டு வாயை மூடியிருப்பதை ‘த்ராகார் கீனா’ என்பார்கள், கொய்னாவை விழுங்குவது. மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தவரைப் பற்றி அங்கே இப்படித்தான் பேச்சு வரும்.

பாராட்டா, பொருமலா?

‘அசேர் சு அகோஸ்தோ’ என்ற தொடரைப் பாருங்கள். தன் ஆகஸ்டைச் செய்துகொள்வது. ஆகஸ்ட் அங்கே அறுவடை மாதம், களஞ்சியம் நிறையும் காலம். ஆனால் இன்றைய பேச்சில், கிடைத்த வாய்ப்பில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டார்கள் என்ற முணுமுணுப்பு அதில் உண்டு. ஏப்ரல், மே சீசனில் ஊட்டி லாட்ஜ் வாடகை ஏறுவதைப் பார்த்து வெளியூர்க்காரர் சொல்லும் ‘நல்லா அள்ளிட்டாங்க’ என்பதற்கும் இதற்கும் தொனி ஒன்றே. புயல் எச்சரிக்கை வந்ததும் மெழுகுவர்த்தி விற்றவர்கள் தங்கள் ஆகஸ்டைச் செய்தார்கள் என்று செய்தி வந்தால், ‘மேட் எ கில்லிங்’ என்பதில் அந்த முணுமுணுப்பு தங்கும். ‘சக்சஸ்ஃபுல் மந்த்’ என்று எழுதினால் முள்ளைப் பிடுங்கிவிட்டீர்கள். அதே தொடரை ஓட்டல்காரர்களின் சங்க இதழ் பெருமையாகத் தங்களைப் பற்றியே எழுதியிருந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே ‘பம்பர் சீசன்’ பொருந்தும். சொன்னவர் யார் என்று பார்க்காமல் பேனாவை எடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

காளைப்போர்க் களத்திலிருந்து வந்த ‘சலீர் போர் லா புவெர்த்தா கிராந்தே’ இன்னும் வழுக்கும். பெரிய வாசல் வழியாக வெளியேறுவது. நன்றாக ஆடிய வீரரைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரதான வாசல் வழியாக வெளியே வருவார்கள். ஜல்லிக்கட்டுக் காளையைப் பார்த்து வளர்ந்த நாட்டில் இந்தக் காட்சி அந்நியமில்லை. ஆனால் தொழில் செய்திகளில் இது இரண்டு விதமாக வரும். ஒரு புதுப்படம் பெரிய வாசல் வழியாக வந்தது என்றால் அமோக வெற்றி. முப்பது ஆண்டு பணியாற்றிய இயக்குநர் பெரிய வாசல் வழியாகப் போனார் என்றால், மரியாதையோடும் புகழோடும் ஓய்வுபெற்றார். இரண்டாவதற்கு ‘வென்ட் அவுட் ஆன் எ ஹை’. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால், பதவியில் இருக்கும் ஒருவரை நீங்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஆகும்.

‘போனெர் உனா பிகா என் ஃபிளாந்தெஸ்’, அதாவது ஃபிளாண்டர்ஸில் ஒரு ஈட்டியை நட்டுவது, மிகக் கடினமான காரியத்தைச் சாதித்ததைச் சொல்லும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்பெயின் தன் ஈட்டி வீரர்களை வடக்கே இன்றைய பெல்ஜியப் பகுதிக்கு அனுப்பப் பட்ட பாடு அந்தத் தொடரில் இருக்கிறது. 1567இல் ஆல்பா பிரபு இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் படையை நடத்திச் சென்றார். ஒவ்வொரு வீரனையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த ஆன செலவும் காலமும் பேச்சுவழக்கில் ஏறிவிட்டன. இப்போது ஒரு ஸ்பானிய நிறுவனம் ஜப்பான் சந்தையில் நுழைந்தால் பொருளாதாரப் பக்கம் இதைத்தான் எழுதும். நம் பள்ளி ஆங்கிலத்தில் கைக்கு வரும் முதல் சொல் ‘எ கிரேட் அச்சீவ்மென்ட்’. தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. ‘புல்டு ஆஃப் குவைட் எ கூ’ என்பது மணியாக விழும். ஆனால் அதே பக்கத்தில் லத்தீன் அமெரிக்க அரசியலும் இருந்தால் ‘கூ’ என்ற சொல் ராணுவப் புரட்சியாகப் படிக்கப்படும். அப்போது ‘நோ மீன் ஃபீட்’ பாதுகாப்பானது. மிக நல்ல சொல் கிடைத்த பிறகும் பக்கத்து வரிகளைப் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

‘தார் லா கம்பனாதா’, மணி அடிப்பது, வியப்பும் வெற்றியும் ஒன்றாகக் கலந்த தொடர். கோபா தெல் ரேய் கால்பந்துப் போட்டியில் கீழ்நிலை அணி ஒன்று முதல்நிலை அணியைத் தோற்கடித்தால் மணி அடித்துவிட்டது என்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் அது ‘அப்செட்’. பிரபலங்களைப் பற்றிய வார இதழில் ஒரு பாடகி மணி அடித்தாள் என்றால் ஊரே வாயடைத்துப்போகும்படி ஏதோ செய்துவிட்டாள். திருமணமாகவும் இருக்கலாம், வம்பாகவும் இருக்கலாம்.

வியப்புத் தொடர்களில் நல்லதா கெட்டதா என்பதே பல நேரம் தெரியாது. ‘கெதார்சே தே பியெத்ரா’ என்றால் கல்லாகிப்போவது. பரிசு விழுந்தாலும் கல்லாவார்கள், இறப்புச் செய்தி கேட்டாலும் கல்லாவார்கள். ‘ஸ்டன்டு’ இரண்டுக்கும் தாங்கும். ‘அமேஸ்டு’ பாதிக்குத்தான் தாங்கும். ஸ்பெயின் இளைஞர்களின் ‘ஃபிலிபார்’ வினைச்சொல் இன்னும் விளையாட்டுக் காட்டும். ‘எனக்கு ஃபிலிபா’ என்றால் அவனுக்கு அது உயிர். ‘நீ ஃபிலிபாஸ்’ என்றால் ‘கனவு காணாதே’ என்று அடக்குகிறான். போதைப் பழக்கத்தின் பேச்சிலிருந்து வந்த சொல் இது. அலுவலக மின்னஞ்சலில் வந்தால் எழுதியவரின் வயதையும் நெருக்கத்தையும் ஊகித்துக்கொள்ளுங்கள். வாயைப் பிளப்பது மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் ஒன்றுபோல இருக்கிறது. அதில் யாரும் தடுக்கி விழுவதில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

எந்த நாட்டு வாய், எந்த நாட்டுக் காது

ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ‘பிரமாதம்’ என்பதற்கு ஸ்பெயினில் ‘குவாய்’, கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் ‘சேவெரே’, பெருவிலும் சிலியிலும் ‘பகான்’. மெக்சிகோக்காரர் ‘கே பாத்ரே’ என்பார். பாத்ரே என்றால் அப்பா. நம்முடைய ‘அடேங்கப்பா’விலும் அப்பா நிற்கிறார்! ஆனால் ஆங்கிலத்தில் அவருக்கு இடமில்லை, ‘ஹவ் கூல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். சிலியில் மாலைத் தேநீருக்கே ‘பதினொன்று’ என்று பெயர். ‘தோமார் ஒன்சே’ என்பதை மணி பதினொன்று என்று படித்துக் கூட்டத்துக்கு நேரம் குறித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேயிலை மலையில் இருப்பவர்கள் இந்த ஒரு தொடரையாவது மறக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

கேட்கும் காதும் அவ்வளவு முக்கியம். கரீபியன் கடலோர நாடுகளில் பேஸ்பால் வெறி அதிகம். நேர்த்தியாகச் செய்து முடித்தவரை, பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார் என்பார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கு ‘நாக்டு இட் அவுட் ஆஃப் த பார்க்’ அச்சு அசலாகப் பொருந்தும். மும்பையிலோ லண்டனிலோ படிப்பவருக்குக் கிரிக்கெட் சிக்ஸர் இயல்பு. எந்த நாட்டு ஆங்கிலம் வேண்டும் என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டு வாங்குங்கள். ‘இன்டர்நேஷனல் இங்கிலீஷ்’ என்று பதில் வந்தால், எந்த விளையாட்டையும் உள்ளே விடாமல் நேராக எழுதுங்கள்.

இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை ஞாலன் சுப்பிரமணியனும் சுகுமாரனும் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். காலச்சுவடு 2013இல் வெளியிட்டது. சுகுமாரனின் சொந்த நாவலான ‘வெல்லிங்டன்’ நம் மலையைக் களமாகக் கொண்டது. நாம் தமிழில் படிக்கும் லத்தீன் அமெரிக்க இலக்கியத்தில் பெரும்பங்கு இப்படி ஆங்கிலப் பாலத்தைக் கடந்து வந்ததுதான். அந்த ஆங்கிலத்தில் ஒரு வியப்பு மழுங்கினால் தமிழிலும் மழுங்கும், வங்காளத்திலும் மழுங்கும். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்பவர் தனக்குத் தெரியாத பல மொழி வாசகர்களுக்காகவும் வேலை செய்கிறார்.

சுள்ளியும் எமனோவும்

தொடர்களை எப்படிச் சேகரிப்பது, எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு வெளிநாட்டுப் பாடநூல் தேடிப் போக வேண்டாம். இந்த மலையிலேயே முன்மாதிரி இருக்கிறது. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் படித்தார். மொழியியலாளர் பரோவுடன் சேர்ந்து 1961இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைத் தந்தவர் அவரே. கோத்தர் கதைகளை அவருக்குச் சொன்னவர் கோத்தர் சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியர் சுள்ளி. ஆங்கிலம் கற்றவர், தன் மக்களின் பேச்சை முழுதாக அறிந்தவர், கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர். 1944இலிருந்து வெளியான கோத்தர் உரைத்தொகுதிகளில் பெரும்பகுதி அவர் வாயிலிருந்து வந்தது. எமனோ மூலத்தைக் கொடுத்தார், ஆங்கிலத்தைக் கொடுத்தார், தொடருக்குப் பின்னால் இருக்கும் வழக்கத்தைக் குறிப்பாகக் கொடுத்தார். 1971இல் வெளியான தோடர் பாடல் தொகுப்பிலும் இதே ஒழுங்குதான். தோடர் பாடல்கள் இணை இணையாக வரும் நிலைத்த தொடர்களால் ஆனவை. எந்தச் சமயத்தில் யாருக்காகப் பாடினார்கள் என்பது தெரியாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தும் பாட்டு புரியாது.

பால் ஹாக்கிங்ஸ் 1988இல் படகர்களின் பழமொழிகளையும் வேண்டுதல்களையும் சகுனங்களையும் சாபங்களையும் ஆங்கிலத்தில் தொகுத்தார். 1992இல் கிறிஸ்டியான் பிலோ-ரைச்சூருடன் சேர்ந்து படகு-ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். படகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழமொழித் தொகுப்பு நூலகத்தில் கிடைத்தால் எடுத்து, உங்கள் ஹட்டியில் இன்றும் புழங்கும் பழமொழி ஒன்றைத் தேருங்கள். அச்சில் இருக்கும் ஆங்கிலத்தைப் பாட்டிக்குப் படகில் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஆமாம், இதுதான்’ என்கிறாரா, ‘இல்லை, அதை இப்படிச் சொல்லமாட்டோம்’ என்கிறாரா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பில் எது தப்பும், எது தங்கும் என்பது அந்த அரைமணி நேரத்தில் தெரிவதைப் போல எந்த ஆன்லைன் வகுப்பிலும் தெரியாது.

ஸ்பானியத்துக்கு உங்கள் சுள்ளி யார்? பேச்சுப் பரிமாற்றத்துக்கு ஒரு மெக்சிகோ மாணவரோ ஒரு ஸ்பானிய ஓய்வூதியரோ கிடைப்பது இன்று கடினமில்லை. அவரிடம் ‘இதற்கு என்ன பொருள்’ என்று கேட்காதீர்கள். ‘இதை யாரிடம் சொல்வீர்கள், யாரிடம் சொல்ல மாட்டீர்கள், கடைசியாக எப்போது சொன்னீர்கள்’ என்று கேளுங்கள். பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தொடர், நாடு, சொன்னவர், கேட்டவர், தொனி, நீங்கள் தேர்ந்த ஆங்கிலம், தள்ளிவிட்ட ஆங்கிலம், தள்ளியதற்குக் காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளர் ‘ஏன் இப்படி எழுதினீர்கள்’ என்று கேட்கும்போது கைகொடுப்பது அதுவே.

காசில்லாமல் கிடைக்கும் கருவிகளும் நல்லவை. ஸ்பானிய அகாதமி 1713இல் தொடங்கப்பட்டது. அதன் அகராதி இணையத்தில் இலவசம். அதே அகாதமியின் ‘கோர்பெஸ்’ தரவுத்தொகுப்பில் இந்த நூற்றாண்டின் ஸ்பானிய எழுத்தை நாடு வாரியாகத் தேடலாம். ஒரு தொடர் அர்ஜென்டினாவில் வழங்குகிறதா என்ற சந்தேகத்தைச் சில நிமிடங்களில் தீர்த்துக்கொள்ளலாம். செர்வாந்தெஸ் நிறுவனத்தின் இணைய மையம் நடத்தும் பன்மொழிப் பழமொழித் தொகுப்பு, ஒவ்வொரு பழமொழிக்கும் பொருளையும் பல மொழி இணைகளையும் தருகிறது. தேடும் முன் உங்கள் ஊகத்தை எழுதி வைத்துவிட்டுத் தேடுங்கள், காது சீக்கிரம் பழகும்.

தேர்வு, வேலை, கூலி

புது டெல்லியில் 2009 முதல் செர்வாந்தெஸ் நிறுவனம் இயங்குகிறது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத் இஃப்லுவிலும் பட்டப்படிப்பே படிக்கலாம். மலையை விட்டு இறங்க முடியாதவர்கள் இக்னோவின் சான்றிதழ்ப் படிப்பில் தொடங்கலாம், ஆனால் அது வாசற்படி மட்டுமே. உலகெங்கும் ஏற்கப்படும் ‘டெலே’ தேர்வுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள், சான்றிதழ் காலாவதியாகாது. ‘சியெலே’ தேர்வைக் கணினியில் எழுதலாம். சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். பி2 வந்தால் நாளிதழ் படிக்கலாம். இந்தக் கட்டுரையில் பார்த்த தொடர்களைத் தைரியமாகத் தொட்டுக் கூலி வாங்க சி1 வேண்டும் என்பது என் திட்டமான கருத்து. அதற்கு முன் வரும் வேலையாக, ஸ்பானியம் தெரிந்த ஆட்களைத் தேடும் பெங்களூரு, சென்னை, ஐதராபாத் வாடிக்கையாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. காது பழக அவை நல்ல இடம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் தாய்மொழிக்குள் மொழிபெயர்ப்பவரைத்தான் விரும்புகின்றன. ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை. இதற்கு விண்ணப்பத்தில் ‘ஐந்து மொழி சரளம்’ என்று போடுவது பதிலாகாது. சுமார் 300 சொல் கொண்ட ஸ்பானியப் பகுதி ஒன்றை எடுத்து, உங்கள் ஆங்கிலத்தையும், இரண்டு கடினமான தொடர்களுக்கு ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்ற குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள். ஒரு துறையில் ஊன்றுங்கள். தேயிலை, காபி, தோட்டக்கலை, சுற்றுலா, மருந்து ஆகியவற்றில் மலைப்பிள்ளைகளுக்கு இருக்கும் அறிவு மாட்ரிட் பட்டதாரிக்கு இல்லை. கூலியை ஒருபோதும் தள்ளுபடியில் தொடங்காதீர்கள். முதலில் சொன்ன விலையிலேயே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்பானிய உரை ஆங்கிலத்தைவிட நீளமாக வரும், ஆகவே சொல் எண்ணிக்கை மூலத்தில் கணக்கா, ஆக்கத்தில் கணக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதிரி வேலை என்ற பெயரில் ஆயிரக்கணக்கான சொல்லை இலவசமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சப்டைட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இடநெருக்கடி வேறு. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில வழிகாட்டி வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி என்கிறது. ஃபிளாண்டர்ஸ் ஈட்டிக்கு அங்கே விளக்கம் கிடையாது. நடிகரின் முகம் பாதியைச் சொல்லிவிடும், மீதியை ஒரு சொல்லில் முடிக்கப் பழகுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அகராதி ஏறிய தொடர்களை அது இப்போது சரியாகவே பிடிக்கிறது. அதன் வரைவைத் திருத்துவதே தனி வேலையாகி, அதற்கு ஐஎஸ்ஓ 18587 என்ற தரநிலையும் 2017இல் வந்துவிட்டது. ஆனால் அது தப்பும் இடம் நாம் மேலே பார்த்த இடங்கள்தான்: பெரிய வாசல் வழியாகப் போனவர் ஜெயித்தாரா ஓய்வுபெற்றாரா, ஆகஸ்டைச் செய்தவரைப் புகழ்கிறார்களா திட்டுகிறார்களா. ஆங்கிலம் வழவழவென்று இருப்பதால் தவறு கண்ணில் படாது. ஆகவே திருத்தும்போது ஆங்கிலத்தை முதலில் படிக்காதீர்கள். ஸ்பானியத்தைப் படித்து மனத்தில் ஒரு முடிவுக்கு வந்தபிறகு ஆங்கிலத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் நெட் போனால் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக, கணினியிலேயே ஓடும் ஒமேகாடி போன்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சந்தேகம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் கேட்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ‘இந்தத் தொடர் புரியவில்லை’ என்று எழுதினால் அடுத்த வேலை வராது. இப்படி எழுதுங்கள்: ‘பக்கம் 3, பத்தி 2. ஆகஸ்ட் தொடரில் லேசான கண்டனம் தொனிக்கிறது. அதைக் காக்கும்படி மேட் எ கில்லிங் என்று எழுதியிருக்கிறேன். விற்பனையாளர்களை வாழ்த்துவதே ஆசிரியரின் நோக்கமென்றால் ஹேட் எ பம்பர் மந்த் என்று மாற்றிக்கொள்ளலாம். வியாழன் மாலைக்குள் தெரிவித்தால் போதும்.’ அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு மஞ்சள் அடித்து வையுங்கள், அடுத்த பத்திக்குப் போங்கள்.